ஞானம்மா வரவழைத்த தார்க்களிம்பு

கவரைப்பேட்டை ரயில் நிலையத்துக்குப் பின்னால் குடியிருந்த ஞானம்மா, கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சமையல் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். டோக்கன் இல்லாமல் வந்தால் மேனேஜருக்கே இட்லி வைக்கமாட்டார் என்று பெயர். 2008-இல் அவருக்கு அறுபத்திரண்டு வயது. அந்த வருஷம் மழை ஓய்கிற சமயத்தில் இரண்டு முழங்கையிலும் தோல் தடித்து, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர ஆரம்பித்தது. உட்கார்ந்து எழுந்த இடத்தில் ரவை சிந்தின மாதிரி இருந்தது.

பொன்னேரியில் தோல் டாக்டரிடம் போனார். டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொரியாசிஸ்" என்றார்.

ஞானம்மாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். "சொறியாதே சிஸ்டர்" என்றுதான் விழுந்தது.

"சொறியாம இருக்க முடிஞ்சா நான் இன்னாத்துக்கு சார் இவ்ளோ தூரம் வரேன்?" என்றார்.

அது வியாதியின் பெயர் என்று டாக்டர் விளக்கினார். யாருக்கும் ஒட்டாது, பயப்படவேண்டாம் என்று சொல்லி, நிலக்கரித் தார் கலந்த களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். சாயந்திரம் குளித்துவிட்டுப் பூசவேண்டும். விலை குறைவு, ஆனால் வாசனை கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும் என்றும் சொன்னார்.

கும்மிடிப்பூண்டி மெடிக்கல் ஷாப்களில் அந்தக் களிம்பு கிடைக்கவில்லை. விலை குறைந்த சரக்கை வாங்கி வைப்பதில் யாருக்கும் ஆர்வமில்லை. ஒரு கடைக்காரர் அதற்குப் பதிலாக வெளிநாட்டு டியூப் ஒன்றை எடுத்து நீட்டினார். விலையைக் கேட்டதும் ஞானம்மா டியூபை இரண்டு கையாலும் ஏந்தித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அவர் கணவர் எபினேசர் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் நிலக்கரி இறக்கும் பகுதியில் வேலை பார்த்தவர். தேங்காயெண்ணெய் தடவினால் போதாதா என்பது அவர் கட்சி. பக்கத்து வீட்டுக் கங்கம்மாதான் செல்வியைப் போய்ப் பார்க்கச் சொன்னார். செல்வி ரயில்வே கேட் பக்கத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தும் பெண். கம்ப்யூட்டரிலேயே மருந்து வாங்கலாம் என்று அவள் யாரிடமோ சொன்னதைக் கங்கம்மா கேட்டிருந்தார்.

செல்வி தேடிப் பார்த்ததில் மும்பைக்காரர்கள் நடத்தும் ஒரு மருந்துக்கடை அகப்பட்டது. டாக்டர் சீட்டை ஸ்கேன் செய்து அனுப்பினாள். பார்சல் வந்ததும் போஸ்ட்மேனிடம் பணம் கொடுத்தால் போதும் என்றாள். ஞானம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. திரைக்கு முன்னால் குனிந்து, கேன்டீனில் ஆர்டர் சொல்லும் குரலில், "ஒண்ணே ஒண்ணு போதும்" என்றார். அதற்குக் காது கேட்காது என்று செல்வி சொன்னாள். தன்னைப் போலத்தான் என்று ஞானம்மா சமாதானமானார்.

நாலைந்து நாள் கழித்து வீட்டுக்கு ஒரு போன் வந்தது. மும்பையிலிருந்து ஒரு பெண் இந்தியில் ஏதோ கேட்டாள். ஞானம்மாவுக்குத் தெரிந்த ஒரே இந்தி, கேன்டீனில் சாப்பிட்ட பீகார் பையன்களிடம் கற்ற "அச்சா". அந்தப் பெண் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அச்சா என்றார். கடைசியில் அவள் மிகவும் சந்தோஷமாக நன்றி சொன்ன மாதிரி இருந்தது. அதற்கும் ஓர் அச்சா போட்டு வைத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் போஸ்ட்மேன் அரசப்பன் சைக்கிள் கேரியரில் ஒரு பெரிய அட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தார். வீட்டில் புது டிவி வாங்கியிருக்கிறார்களா என்று கேட்டார். பெட்டி நிறையத் தார்க்களிம்பு. கட்டவேண்டிய தொகையைக் கேட்டு எபினேசர் நாற்காலியைத் தேடினார். பண்டிகைத் துணிக்கு வைத்திருந்த பணம் அங்கேயே கைமாறியது.

"வேணாம்னு திருப்பி அனுப்பிடலாமே" என்று எபினேசர் சொல்லிப் பார்த்தார்.

"நான் அச்சான்னு சொல்லிட்டேன். சொன்ன வார்த்தய மாத்தமாட்டேன்" என்றார் ஞானம்மா. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு அப்போதும் சரியாகத் தெரியாது.

களிம்பு வேலை செய்தது. ஒரு மாதத்துக்குள் செதில் அடங்கி, அரிப்பு குறைந்தது. சேதி பரவியதும் ஆட்கள் வந்தார்கள். கங்கம்மாவுக்குத் தலையில், அரசப்பனுக்குக் கால் ஆடுசதையில், இன்னும் யார் யாருக்கோ முதுகில். இத்தனை நாள் ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டு சொறிந்திருக்கிறார்கள். வாங்கின விலைக்கே தர ஞானம்மா தயார். ஆனால் டாக்டர் சீட்டு இல்லாமல் ஒரு டியூபும் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

ஆகவே எல்லோரும் ஒன்றாக மின்சார ரயிலில் பொன்னேரிக்குப் போனார்கள். டாக்டர் வராந்தாவை எட்டிப் பார்த்து, சுற்றுலாவா என்று கேட்டார். பெரும்பாலோருக்குச் சீட்டு கிடைத்தது. வாட்ச்மேன் சடையப்பனுக்கு மட்டும் வேறு மருந்து எழுதிவிட்டார். ரயிலில் திரும்பும்போது அவர் மட்டும் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார்.

"எனுக்கு வெறும் படர்தாமரையாம்" என்று கடைசியில் சொன்னார். கங்கம்மா அவருக்கு ஆறுதல் சொல்லவேண்டியிருந்தது.

அதன்பிறகு தினம் சாயந்திரம் தெருவில் ஏழெட்டு வீடுகளில் ஒரே நேரத்தில் களிம்பு பூசினார்கள். புதுசாக ரோடு போட்ட வாசனை ரயில் நிலையம் வரைக்கும் போயிற்று. நிலக்கரியோடு வாழ்ந்து முடித்து வந்தால் இப்போது படுக்கையிலும் அதுவே வந்து சேர்ந்திருக்கிறது என்று எபினேசர் பாயை வாசல் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

வார்டு மெம்பர் சுப்பராயன் காதுக்கு, அதாவது மூக்குக்கு, விஷயம் எட்டியது. தனக்குத் தெரியாமல் தன் வார்டில் யாரோ ரோடு போடுகிறார்கள் என்று பதறி, பைக்கை எடுத்துக்கொண்டு வந்தார். ரோலரைக் காணோம். தார் டின்னும் காணோம். வாசனை மட்டும் இருந்தது. மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து ஞானம்மா வாசலில் நின்றார்.

"இன்னாம்மா, யார் கான்ட்ராக்ட் இது?"

"பொன்னேரி டாக்டரு எழுதிக் குடுத்தாரு" என்று ஞானம்மா கையை மடக்கி முழங்கையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

சுப்பராயன் அதற்குள் வரும் வழியில் டீக்கடையில், ரோடு தன் ஏற்பாடுதான் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். மானம் போகாமலிருக்க, அந்த வாரமே இரண்டு லாரி ஜல்லி கொண்டுவந்து தெருவில் கொட்டினார். தார் வரவில்லை. கோழிகள் ஜல்லி மேல் ஏறி நின்று பழகிக்கொண்டன.

தை மாதக் கடைசியில் மீஞ்சூரில் ஒரு உறவுக்காரக் கல்யாணம் வந்தது. டாக்டர் சொன்னபடி களிம்பை அப்போது சில நாள் நிறுத்தியிருந்தார் ஞானம்மா. காலையில் கடைத்தெருவுக்குப் போய், செதில் போன கைகளில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்தார். ஜெபம் நடக்கும்போது தலைமுடியை ஒதுக்கினார், முந்தானையைச் சரிசெய்தார், மறுபடியும் தலைமுடியை ஒதுக்கினார். ஒவ்வொரு முறையும் வளையல் கலகலக்க, சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கொஞ்சம் கையை அசைக்காமல் இருக்கக்கூடாதா என்று எபினேசர் மெதுவாகக் கேட்டார்.

"காது கேக்கல" என்றார் ஞானம்மா.