ஏழாம் பாகம் வரும்வரை

வாடகைக்குப் புத்தகம் விடும் தொழிலில் கதை படிப்பது மற்றவர்கள், தூசி தட்டுவது நாம். இந்தத் தொழிலில் இருந்தவர்கள், இருந்து தப்பித்தவர்கள், இன்னமும் தும்மிக்கொண்டே ரப்பர் ஸ்டாம்ப் குத்திக்கொண்டிருப்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்லப்போவது புரியும்.

என் கடை திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில் இருந்தது. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் என் வீட்டுக்காரர் வளைகுடா நாட்டுக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்குப் போனார். போவதற்கு முன், நான் சும்மா உட்கார்ந்து கவலைப்படக் கூடாது என்று வைத்துக்கொடுத்த கடை இது. சும்மா இல்லாமல் கடையில் உட்கார்ந்து கவலைப்பட்டேன். "அடுத்த தீபத்துக்கு வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். எந்த வருஷத்துத் தீபம் என்று நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அங்கே பாஸ்போர்ட் கம்பெனிக்காரர் கையில், இங்கே சாவி என் கையில்.

தமிழ் நாவல்களை நான் காசு கொடுத்து வாங்கினேன். இங்கிலீஷ் புத்தகங்கள் தானாக வந்தன. கார்த்திகைக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் பங்குனி வெயிலுக்குப் பயந்து கிளம்பும்போது, சுமக்க முடியாததை ரூமிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். ரூம் கூட்டுகிறவர்கள் அவற்றை மூட்டையாகக் கட்டி என்னிடம் கொண்டுவருவார்கள். பாதி தியானப் புத்தகம், அதை யாரும் தொட மாட்டார்கள். மீதி கதை.

மூன்றிலிருந்து ஆரம்பம்

அப்படி ஒரு மூட்டையில் அந்தத் தொடரின் மூன்றாம் பாகம் வந்தது. பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகளுக்காக எழுதிய விஞ்ஞானக் கதை. அட்டையில் ஒரு பெண்ணும் ஒரு பையனும் கைகோத்து நிற்கிறார்கள், பின்னால் இரண்டு நிலா. மொத்தம் ஏழு பாகம் என்று பின்னட்டையில் போட்டிருந்தது. எனக்கு இருக்கிற ஒரு நிலாவையே அண்ணாந்து பார்க்க நேரமில்லை. கீழ் அலமாரியில் தள்ளி வைத்தேன்.

அதை எடுத்தவள் தேன்மொழி. கீழ்பென்னாத்தூர்க்காரி, வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் தற்காலிக டைப்பிஸ்ட். இங்கிலீஷ் நன்றாக வரட்டும் என்று படிக்க ஆரம்பித்தவள், இரண்டாம் வாரம் இங்கிலீஷை மறந்துவிட்டுக் கதையைப் பிடித்துக்கொண்டாள். பூமி கெட்டுப்போகிறது. பெரியவர்களுக்கு இடமில்லாததால் பிள்ளைகளை மட்டும் ஒரு விண்கலத்தில் ஏற்றி வேறு கிரகத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். வழியெல்லாம் விபத்து, விண்கல் மழை, கலத்துக்குள்ளேயே இரண்டு கட்சி. அதற்கு நடுவில் இந்தப் பெண்ணுக்கும் பையனுக்கும் காதல்.

"மூன்றிலிருந்து படித்தால் என்ன புரியும், பணத்தைத் திருப்பித் தரட்டுமா?" என்று கேட்டேன். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"மொத ரெண்டுல இன்னா நடந்திருக்கும்னு நானே நெனச்சு வச்சிருக்கேங்க்கா. அது வரும்போது அவங்க எழுதினது சரியான்னு பாத்துக்கறேன்."

மல்லாட்டை மூட்டையும் விண்கலமும்

அடுத்த பருவத்தில் முதல் பாகமும், அதற்கடுத்து ஐந்தாவதும் வந்தன. எந்த நாட்டிலிருந்து யார் எதை விட்டுவிட்டுப் போகிறார்களோ, அந்த வரிசைதான் எங்கள் ஊர் வரிசை. இதற்குள் தேன்மொழி கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் கூட வருகிறவர்களுக்குத் தினமும் கதையைத் தமிழில் சொல்ல ஆரம்பித்திருந்தாள். அந்த வெளிநாட்டுப் பெயர்கள் பஸ் சத்தத்தில் எடுபடவில்லை. அதனால் பெண்ணுக்குப் பூங்கொடி, பையனுக்கு வேலு என்று பெயர் வைத்துவிட்டாள். விண்கலத்தை ஓட்டியது வேலு.

எனக்கு இது தெரியாது. ஒரு நாள் சரசம்மா என்று ஒரு அம்மாள் கடைக்குள் வந்தார். மார்க்கெட் கமிட்டியில் விற்கக் கொண்டுவந்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டையை இறக்கிவிட்டு, எனக்காகவே ஊரைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. வந்ததும், "வேலுவ இன்னாம்மா பண்ணி வச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார். எந்த வேலு என்று எனக்கு விளங்குவதற்குள், தேன்மொழி காய்ச்சலில் படுத்துவிட்டதால் பஸ்ஸே தவித்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். ஐந்தாம் பாகத்தில் வேலு தனியாக ஒரு வேகமான சின்னக் கலத்தில் புதுக் கிரகம் பார்க்கக் கிளம்பிவிட்டானாம். பூங்கொடி மற்றவர்களோடு காத்திருக்கிறாளாம்.

வேறு வழியில்லாமல் புத்தகத்தைப் பிரித்து, தெரிந்த இங்கிலீஷை வைத்து இரண்டு பக்கம் சொன்னேன். அதுதான் அந்தத் தொடரில் நான் முதலில் படித்த இரண்டு பக்கம். 'திரும்பி வருவேன்' என்று சொல்லிவிட்டு அவன் போகிறான். எந்தத் தேதி என்று அவளும் கேட்கவில்லை. சரசம்மா கன்னத்தில் கை வைத்துக் கேட்டுவிட்டு எழுந்தார்.

"பெத்தவங்க புள்ளைங்கள இப்படித் தனியா அனுப்பக் கூடாது, அனுப்பிட்டாங்க. இனிமே அவன் வந்து தாலி கட்டினாத்தான் மரியாதை, சொல்லி வையி."

ஆட்சேபணை

வேங்கிக்கால் புது வீடுகள் பக்கமிருந்து ஒரு அரசு அலுவலர் வந்தார். மகள் பிளஸ் டூ. பாடப் புத்தகத்துக்குள் வைத்து இந்தத் தொடரைப் படித்துக்கொண்டிருந்ததைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டாராம். "இந்த வயசுல காதல் கதை கொடுக்கறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா?" என்றார். நான் எவ்வளவோ சொன்னேன், அது விஞ்ஞானம் சார், காதல் கம்மி சார் என்று. கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குத் தலைவலி வேறு. நீங்களே படித்துப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்று புத்தகத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

பத்து நாள் ஆளைக் காணோம். போலீசுக்கே போய்விட்டாரோ என்று நினைத்தேன். பிறகு ஒரு சாயங்காலம் வந்து, குனிந்து கீழ் அலமாரியைத் துழாவினார். மகளுக்கா என்றேன்.

"அவளுக்குப் பரீட்சை முடியற வரைக்கும் கிடையாது. அடுத்த பாகத்துலயும் தப்பா ஒண்ணும் இல்லைன்னு நான் மொதல்ல பாத்துடறேன்."

பைண்டர் எழுதிய பாகம்

நம் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தடியான புத்தகத்தை நடுமுதுகில் பிளந்து இரண்டாக பைண்டு செய்வோம். ஒரு புத்தகத்துக்கு இரண்டு வாடகை. அப்படிப் பிளந்த முதல் பாகமும், இதற்குள் வந்துசேர்ந்திருந்த நான்காம் பாகமும் கை மாறி மாறி நைந்துபோயின. பாதிகளைச் சேர்த்து மறுபடி தைத்துத் தரும்படி பைண்டர் கபாலியிடம் கொடுத்தேன். கபாலிக்கு இங்கிலீஷ் தெரியாது. தாளின் பழுப்பைப் பார்த்து ஜோடி சேர்ப்பார். ஒன்றின் முன்பாதியோடு நான்கின் பின்பாதியைத் தைத்து, மேலே காலிக்கோ துணி ஒட்டி, அழகாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

முன்பாதியில் "நீ யார்?" என்று அவனை முறைக்கிற பெண், பக்கத்தைத் திருப்பியதும் அவன் தோளில் சாய்ந்து அழுகிறாள். இதை வரிசையாகப் பலர் எடுத்துப் போய்ப் படித்துவிட்டு, ஒரு வார்த்தை குறை சொல்லாமல் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் தேன்மொழிதான் கண்டுபிடித்துச் சொன்னாள். எனக்கு அவமானமாகப் போயிற்று. அதைப் படித்திருந்த ஆர்ட்ஸ் காலேஜ் மாணவனைக் கூப்பிட்டு, வாடகையைத் திருப்பித் தருகிறேன், சரியான பாகத்தை எடுத்துக்கொள் என்றேன். அவன் முகம் வாடிவிட்டது.

"வேணாங்க மேடம். காலத்துல முன்ன பின்ன போயிட்டு வர்றாங்கன்னு நெனச்சேன், எல்லாத்தையும் விட இதுதான் நல்லா இருந்துச்சு."

வெள்ளிக்கிழமை

என் வீட்டுக்காரருக்கு வெள்ளிக்கிழமை லீவு. பக்கத்துக் கடை மணியின் எஸ்.டி.டி. பூத்துக்கு அன்றைக்குத்தான் போன் செய்வார். எல்லா வெள்ளியும் இல்லை, லைன் கிடைக்கிற வெள்ளி. நான் கடையைத் திறந்து போட்டுவிட்டு ஓடுவேன். நான் பேசியது அவரிடம் போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் ஆகும், அவர் பேசியது வரக் கொஞ்சம் நேரம். சேர்ந்தாற்போல இரண்டு பேரும் பேசி, சேர்ந்தாற்போல இரண்டு பேரும் நிறுத்துவோம். போட்டோ அனுப்புங்கள் என்று ஒவ்வொரு தடவையும் கேட்பேன். அனுப்பறேன் என்பார். அடுத்த தீபத்துக்கு நானே வர்றேனே, போட்டோ எதுக்கு என்பார்.

அந்தச் சமயத்தில் தேன்மொழி ஒன்று சொன்னாள். வேலு அனுப்புகிற செய்தி பூங்கொடிக்கு வந்துசேர மாசக்கணக்கில் ஆகிறதாம். அவன் நலம் என்று சொன்னதை இவள் கேட்கும்போது அவன் நலமாக இருக்கிறானா என்று தெரியாதாம். கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போனை எடுத்ததும், "நல்லா இருக்கீங்களா?" என்றேன். "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டது. "நான் நல்லாத்தான் இருக்கேன், நீங்க சொல்லுங்க" என்றேன். அதுவும் அப்படியே திரும்பி வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மணிக்கு என்னவோ போலாகிவிட்டது. கதவைத் திறந்து மெதுவாகச் சொன்னான்.

"அது அவரு குரல் இல்லக்கா, உங்க குரலே திரும்பி வருது. கொஞ்ச நேரம் பேசாம இருந்து பாருங்க, அவரு வருவாரு."

ரகசிய வாசகி

ஆறாம் பாகம் மூட்டையில் வரவில்லை. ஒரு வெளிநாட்டு அம்மாள் கையில் வைத்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சேலை, கழுத்தில் ருத்திராட்சம், அறுபது வயசு இருக்கும். வருஷா வருஷம் வந்து ஆசிரமத்துப் பக்கம் தங்கி, ஆசிரமத்துக்குள்ளே மட்டும் பேசாவிரதம் இருப்பவர். அந்த அம்மாள் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பையிலிருந்து அந்த இரண்டு நிலா அட்டையை எடுத்து என் மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். இத்தனை வருஷமாக ரூமில் விட்டுவிட்டுப் போனவர்களில் அவரும் ஒருவர் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஏழாவது வேண்டும் என்று கை கூப்பிக் கேட்டேன். எனக்காக இல்லை, ஒரு பஸ்ஸுக்காக என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். எனக்கும் வேண்டித்தான் இருந்தது. அவன் வந்து சேர்ந்தானா இல்லையா என்று தெரியாமல் என்னால் இன்னொரு தீபம் பார்க்க முடியாது. அடுத்த தடவை வரும்போது கட்டாயம் கொண்டுவருவதாகச் சொன்னார். படியிறங்கியவர் திரும்பி வந்து, இங்கே பழகிய தமிழில் கேட்டுக்கொண்டார்.

"நான் எல்லா ஆசையும் விட வந்தேன். இது மட்டும் விட முடியலை. ஆசிரமத்துல யாருக்கும் சொல்லாதே, சரியா?"

ஏழாவது

சொன்னபடியே கொண்டுவந்தார். அது அடுத்த வருஷக் கார்த்திகை, என் வீட்டுக்காரர் போய் ஒன்பதாவது தீபம். அதே வாரம் என் வீட்டுக்காரர் போன் செய்து, பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது, டிக்கெட் போட்டாகிவிட்டது, இனி திரும்பிப் போவதில்லை என்றார். நான் ரிசீவரை வைத்துவிட்டு வந்து, தேன்மொழிக்கு ஏழாம் பாகத்தைக் கொடுத்தேன். இங்கேயே உட்கார்ந்து படி, முடித்ததும் முடிவை எனக்குச் சொல், மற்றதெல்லாம் பஸ்ஸுக்குச் சொல் என்றேன். லீவு போட்டுவிட்டு வந்து அலமாரி ஓரமாக உட்கார்ந்து படித்தாள். நான் யார் யாருக்கோ எதை எதையோ எடுத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் புத்தகத்தை மூடினாள். வந்துட்டானா என்றேன். வந்துட்டான் என்றாள். ஆனால் வேகமாகப் போகிறவர்களுக்கு வயசு மெதுவாகத்தான் ஏறுமாம். அவன் போனபோது இருந்ததைப் போலவே இளமையாக வந்து நிற்கிறான். காத்திருந்த பூங்கொடிக்குத் தலை நரைத்துவிட்டது. அவளை அடையாளம் தெரிந்ததா என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. தேன்மொழி என் தலையைப் பார்த்துவிட்டு, சட்டென்று அலமாரியைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுதுங்க்கா. ஜன்னல்ல பாத்ததுமே பேரச் சொல்லிக் கூப்புட்டான். அவன் கதவத் தட்டிட்டே நிக்கறான், இவதான் கண்ணாடி முன்னாடியே நின்னுட்டா, எனக்குப் புடிச்ச எடமே அதான்."

பஸ் ஸ்டாண்டு

மறுநாள் என் வீட்டுக்காரர் வந்து இறங்கும் நாள், கண்ணாடி முன் நானும் நின்றேன். காதோரம் வெள்ளை முடியை உள்ளே தள்ளி, பூ வைத்து மறைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தீபத்துக் கூட்டம் வர ஆரம்பித்திருந்தது. சென்னை பஸ் ஒவ்வொன்றிலும் இறங்குகிறவர்களைப் பார்த்தேன். கல்யாண ஆல்பத்தில் இருக்கும் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கறுத்து, மெலிந்து, முன்தலை கொட்டிப்போன ஒரு பெரியவர் பெட்டியோடு வழியை மறித்து நின்றார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க பெரியவரே என்று சொல்லிவிட்டு, அவர் தோளுக்கு மேலாக எட்டி பஸ் வாசலைப் பார்த்தேன். அவர் நகரவில்லை. பெட்டியைக் கீழே வைத்தார்.

"யாரத் தேடற? நான்தான்."

இரண்டு நிலாவையும் விண்கல் மழையையும் வேலு ஓட்டிய விண்கலத்தையும் நான் ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டேன், தூரமாகப் போகிறவருக்கு வயசு ஏறாது என்பதை மட்டும் எழுதியவர் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம்.