டம்ளரை விடாத விரல்கள்

என் கணவருக்கு டயாலிசிஸ். எத்தனை ஊசி போட்டும் ரத்தம் ஏறவில்லை. கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பியும் ஒரு காரணம் என்று ஆபரேஷனில் அதை எடுத்து, பெரும்பாக்கம் வீட்டுக்கு அனுப்பினார்கள். புதுச் சீட்டில் கால்சியம் மாத்திரை இருந்தது. கால்சியம் அதிகம், தொடவே கூடாது என்று முன்பு சொன்னவர்கள்தானே, தவறி எழுதியிருப்பார்கள் என்று நானே அதை நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை, "உதடெல்லாம் மரத்துப்போகுது" என்றார்.

"ரத்தம் கம்மியா இருக்குல்ல, அப்படித்தான் இருக்கும். படுங்க" என்றேன்.

சற்று நேரத்தில் காபி டம்ளரைப் பிடித்த விரல்கள் அப்படியே இறுகிக்கொண்டன. அவரால் டம்ளரை விட முடியவில்லை. ஆட்டோவில் ஓடினோம்.

"அந்தச் சுரப்பிய எடுத்துட்டா கால்சியம் சட்டுனு இறங்கிடும், அதுக்குத்தான் அந்த மாத்திரை. இன்னும் லேட்டாயிருந்தா ஹார்ட்டே நின்னிருக்கும்க்கா" என்றார் நர்ஸ், கால்சியத்தை நரம்பில் ஏற்றிக்கொண்டே.

இப்போதெல்லாம் சீட்டில் ஒரு மாத்திரை மாறினாலும் டாக்டரிடமே கேட்டுவிடுகிறேன். காலையில் அவர் டம்ளரைக் கீழே வைக்கும்வரை எனக்குக் காபி இறங்குவதில்லை.