நான் போடாத இலைச் சட்டை

மாமா ஏன் எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அம்மா "பேந்து சொல்லுறன்" என்று தள்ளிப்போடுவார். நான் எழுதியே தருகிறேன். எல்லாம் ஒரு சட்டையால் வந்தது.

அம்மாவின் தமையன்தான் உங்கள் மாமா. கர்க்லாண்டில் இருக்கிறார். எங்களை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுத்தவர் அவர்தான். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை.

நவம்பர் வந்தால் அவர் மான் வேட்டைக்குப் போவார். லைசென்ஸ், துவக்கு எல்லாம் வைத்திருக்கிறார். ஒருமுறை என்னையும் கூப்பிட்டார். "துவக்கு என்ரை கையில இருக்கும், மச்சான். நீர் பக்கத்தில சத்தம் போடாமல் இருந்தாக் காணும்." எனக்கும் ஆசைதான். கிழமை முழுக்கக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறவனுக்கு ஒரு நாள் காடு கிடைத்தால் கசக்குமா?

புவாண்ட்-கிளேரில் ஒரு வேட்டைச் சாமான் கடைக்குப் போனோம். சுவர் முழுக்க இலை, கிளை, புல் அடித்த சட்டைகள். கடைக்காரர் பிரெஞ்சில் பொறுமையாகச் சொன்னார். நீங்களும் தெரிந்து வைத்திருங்கள்.

மரத்தில் ஏறி இருப்பவனுக்குப் பின்னால் வானம் இருக்கும். அவனுக்கு வெளிறிய நிறமும் மெல்லிய கிளைப் படமும் பொருந்தும். நிலத்தில் இருப்பவனுக்குப் பின்னால் அடிமரமும் சருகும்தான். அவனுக்கு மண்ணிறம் வேண்டும். சட்டையில் இருட்டும் வெளிச்சமும் பெரிய பெரிய துண்டுகளாக இருக்க வேண்டும். சின்னப் புள்ளிகள் தூரத்தில் ஒன்றாகக் கலந்து, ஒரு ஆள் குந்தியிருப்பது அப்படியே தெரிந்துவிடுமாம். மேலே செம்மஞ்சள் மேலங்கி கட்டாயம் போட வேண்டும். மானுக்கு அது மங்கலாகத்தான் தெரியும், மற்ற வேட்டைக்காரனுக்கு நெருப்பு மாதிரித் தெரியும். மானின் கண்ணில் குத்துவது நீலம். அதனால் வேட்டை உடுப்பை வெளுப்பாக்கும் தூள் போட்டுத் தோய்க்கக் கூடாது, நீலமாக மினுங்கும் என்றார்.

மாமா அதில் பாதியைக் கேட்கவில்லை. கடும்பச்சையில் சின்னச் சின்ன இலை போட்ட சட்டை இரண்டை எடுத்துவிட்டார். ஒன்று அவருக்கு, ஒன்று எனக்கு.

"பிடியும், மச்சான். என்ரை கணக்கு."

கை போகவில்லை. "எனக்கு வேண்டாம். வீட்டில ஒரு மண்ணிறக் கட்டம் போட்ட சட்டை இருக்கு."

"அது கிழவன்மாற்றை சட்டை. இதுக்கு என்ன குறை?"

"இதைக் கண்டால் எனக்கு ஆர்மி நிக்கிற மாதிரித்தான் இருக்கும்."

அவர் கடை அதிரச் சிரித்தார். "ஆர்மிக்குப் பயந்து ஓடி வந்தனீர், சரி. இப்ப கொழுவி வைச்ச சட்டைக்கும் பயமோ?"

பிள்ளைகளே, சண்டை எங்கள் ஊருக்குள் வருவதற்கு முன்னமே வெளிக்கிட்டு வந்தவர் மாமா. அந்த உடுப்பை அவர் படத்தில்தான் கண்டிருப்பார். என் பள்ளிக்கூடம் முகாமானது அந்த உடுப்புக்காரர்களால். எட்டாம் வகுப்போடு என் படிப்பும் முடிந்தது. பனங்கூடலுக்குள் அவர்கள் நிற்பது கிட்டப் போகும்வரை தெரியாது. ஒரு பற்றை எழும்பி நிற்கும், பிறகுதான் அதற்கு முகம் இருப்பது தெரியும். அந்த நிறம் என்ன வேலைக்கு என்று கடைக்காரர் எனக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. நான் அதை மானின் இடத்தில் நின்று பார்த்தவன்.

இதையெல்லாம் கடைக்குள் வைத்து எப்படிச் சொல்வது? "நான் போட மாட்டன்" என்று மட்டும் சொன்னேன்.

மாமாவின் முகம் மாறியது. "நான் கூப்பிடாட்டி நீ எங்க கிடந்திருப்பாய்? ஒரு சட்டை வாங்கித் தந்தாப் போட மாட்டியோ?"

அதுவரைக்கும் என்னை 'நீர்' என்றுதான் கதைத்தவர்.

"கூப்பிட்டது என்னையோ, உடுத்திப் பார்க்க ஒரு பொம்மையையோ?" என்று நானும் கேட்டுவிட்டேன். கடைக்காரர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தமிழ் விளங்காவிட்டாலும் சண்டை விளங்கும்தானே.

அதோடு நான் போகாமல் விட்டிருக்கலாம். அம்மாதான், "நீங்கள் போகாட்டி அண்ணைக்குக் கோவம் இன்னும் கூடும்" என்றார். போனேன், என் கட்டச் சட்டையும் செம்மஞ்சள் மேலங்கியுமாக. காரில் ஏறியதும் சவர்க்கார வாசம் மூக்கில் அடித்தது. புது உடுப்பைத் தோய்க்காமல் போடக் கூடாது என்று மாமி அந்தப் பச்சைச் சட்டையையும் காற்சட்டையையும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை தோய்க்கும் தூளிலேயே போட்டு எடுத்திருந்தார். கொலரில் மஞ்சளும் தடவியிருந்தார். நான் கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டேன். கடைக்காரர் சொன்னதை ஞாபகப்படுத்தினால் அதற்கும் ஒரு பேச்சு விழும்.

காட்டில் ஒரு பச்சை இலை இல்லை. எல்லாம் சாம்பலும் மண்ணிறமும். மாமா தன் செம்மஞ்சள் மேலங்கியைக் காரிலேயே விட்டுவிட்டு, மரமில்லாத ஒரு வெட்டையின் கரையில் குந்தினார். பச்சைப் பெயின்ற் வாளியைக் கொண்டுவந்து வைத்தது மாதிரி இருந்தது. நான் அவருக்குப் பின்னால், என்னைவிட அகலமான ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து இருந்தேன்.

மான் என் பக்கத்தால்தான் வந்தது. என்னைக் கடந்து போனது, என்னை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. இரண்டு அடி வைத்தது, மாமாவைக் கண்டது, காலால் நிலத்தில் ஒரு அடி அடித்தது. அவர் துவக்கைத் தூக்கும் முன்னம் வெள்ளை வாலைக் காட்டிக்கொண்டு போய்விட்டது.

"உன்ரை செம்மஞ்சள்!" என்று கத்தினார். "றோட்டு வேலைக்காரன் மாதிரி வந்து நிண்டு கலைச்சுப்போட்டாய்!"

"அது பார்த்தது உம்மை" என்றேன்.

அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலைக்கு ஏறும் இடத்தில் ஒரு பெற்றோல் நிலையத்தில் காரை நிறுத்தி, "இறங்கு" என்றார். பின்சீற்றில் எனக்கென்று வாங்கிய சட்டை பையோடு கிடந்தது. அதைத் தூக்கி நீட்டினார். "இதைப் போட்டுக்கொண்டு ஏறு. இல்லாட்டி நடந்து போ."

நான் மேலங்கியின் சிப்பை மேலே இழுத்துவிட்டு இறங்கினேன்.

பஸ் மாறி, மெட்ரோ மாறி, எங்கள் வீடு இருக்கும் அஹுன்ட்சிக்குக்கு வந்து சேர்ந்தேன். மெட்ரோவில் ஒரு பெண் என்னைத் திருத்த வேலைக்காரன் என்று நினைத்து, நகரும் படிக்கட்டு எப்போது வேலை செய்யும் என்று கேட்டார். "பேந்து" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவ்வளவு கோபம்.

அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. மாமாவுக்கும் ஆறியிருக்காது. நல்லநாள் பெருநாளில் அவர் உங்களுக்கு இலைச் சட்டை வாங்கித் தந்தால் வாங்குங்கள், நன்றி சொல்லுங்கள். வெளியே போட்டுக்கொண்டு விளையாடுங்கள். உங்களுக்கு அது வெறும் இலைதான், அது நல்லதுக்குத்தான். நான் இருக்கும் அறைக்குள் மட்டும் அதைப் போட்டுக்கொண்டு வராதீர்கள்.