வெள்ளைத்தாய் ஓட வைத்த டிராக்டர்

பாளையம்பட்டியில் நான் ஒர்க்‌ஷாப் போட்டு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. டிராக்டர், டீசல் இன்ஜின், எது வந்தாலும் பார்ப்பேன். ஆனால் வருகிறவர்களில் பாதிப் பேர் வண்டியை ரிப்பேர் பண்ண வருவதில்லை, என் உயிரை எடுக்க வருகிறார்கள். போன மாசி மாதம் பரளச்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பஸ் ஏறி வந்த வெள்ளைத்தாய் அக்காவையும் முதலில் அந்தக் கூட்டத்தில்தான் சேர்த்தேன்.

"தம்பி, வீட்டுல ஒரு சின்ன டிராக்டர் நிக்கிது. அத ஓட வைக்கணும்."

"எந்த வருசத்து வண்டிக்கா?"

"எம்பத்தி ஏழுல வந்தது. ஓடிப் பதினேழு வருசமாச்சு."

"எடைக்குப் போட்டுருங்க. போங்க," என்றேன்.

அவர் போகவில்லை. என் மேஜையில் குப்பையாகக் கிடந்த ஸ்பேனர்களை எடுத்து, டீசல் துணியால் துடைத்து, சைஸ் பார்த்து அடுக்க ஆரம்பித்துவிட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் சாமானைத் தொட்டால் பெற்ற பிள்ளையையே வைகிற ஆள் நான். ஆனால் அரைமணி நேரத்தில் அந்த மேஜை பளிச்சென்று ஆகிவிட்டது, கடை திறந்த நாளில்கூட அப்படி இருந்ததில்லை. அருப்புக்கோட்டை நூல் மில் ஒன்றில் பத்தொன்பது வருஷம் மெஷின் துடைத்தவராம். அதற்கு முன்னால் களையெடுப்பு, கதிரறுப்பு. கை வேலை தெரிந்த கை. வாயை மூடிக்கொண்டு அவர் சொன்னதைக் கேட்டேன்.

அவருடைய வீட்டுக்காரர் அந்த ஊர்ப் பெரிய வீட்டில் முப்பது வருஷம் டிரைவர். சீனிச்சாமி, சீனி என்கிற பேரெல்லாம் பிறகு ஊர்க்காரர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். கொய்யாத் தோட்டத்தில் வரிசைக்கு நடுவே புகுந்து உழுவதற்காக முதலாளி வாங்கிய குட்டி டிராக்டர் அது. கிணறு வற்றித் தோட்டம் காய்ந்ததும் முதலாளி குடும்பம் மதுரைக்குக் குடிபோய்விட்டது. அது நின்ற கொட்டகையை இடித்தபோது, "நீயே வச்சுக்க சீனி" என்று அந்தத் துருப்பிடித்த வண்டியைக் கொடுத்துவிட்டார்கள். கயிறு கட்டி இழுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். வேலை முடிந்த சாயங்காலங்களில் அதன் இரும்பு சீட்டில் உட்கார்ந்து பீடி குடிப்பாராம். இரண்டு சென்ட் இடத்துக்கு மேல் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தம் என்று இருந்தது அந்த வண்டி ஒன்றுதான்.

மூன்று வருஷமாக அவருக்கு ஞாபகம் போய்க்கொண்டிருந்தது. கடைசியில் கட்டிய மனைவியே தெரியாமல் போனார். காலையில் எழுந்ததும், "யாரும்மா நீ? எங்க வீட்டுல என்ன பண்ற?" என்பாராம். ஆனால் அந்த சீட்டில் ஏற்றி உட்கார வைத்தால் மட்டும், "ஏ வெள்ளை, தண்ணி கொண்டா" என்பார். கீழே இறங்கினால் திரும்பவும் யாரும்மா நீ.

"சும்மா துருப்பிடிச்சு நிக்கிறப்பவே என் பேரு வருது தம்பி. அது ஓடுனா அவுக முழுசா வந்துருவாக. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

வைத்தியம் பற்றி எனக்கு என்ன தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போய் இறங்கினேன்.

வண்டி படுமோசம். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தது. ரேடியேட்டருக்குப் பின்னால் எலி குடும்பம் நடத்தியிருந்தது. இன்ஜினுக்குள் டீசல் பீச்சுகிற நாஸிலைக் கழற்றி, ஓட்டை வழியாக டீசலை ஊற்றி ஊற வைத்தேன். நாலு ஞாயிறு ஊறிய பிறகு, ஃபிளைவீல் சக்கரத்தைக் கம்பியால் நெம்பியபோது ஒரு விரல் அகலம் நகர்ந்தது. அன்றைக்கு அக்கா எனக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தார்.

வார நாட்களில் அவர்தான் வேலை பார்த்தார். நான் கழற்றிப் போட்ட ஒவ்வொரு நட்டையும் தேய்த்து, மில் நூலில் கோர்த்து, எங்கே கழற்றியதோ அங்கேயே தொங்கவிட்டிருப்பார். போர் தண்ணி உப்பு என்பதால் ரேடியேட்டர் கழுவக்கூடக் குடிதண்ணீரை விட்டார். சீனிச்சாமி அண்ணன் சீட்டில் உட்கார்ந்து எங்களை மேய்ப்பார். "ஏ வெள்ளை, அந்தப் பய போல்ட்ட மாத்திப் போடுறான் பாரு," என்பார். அந்தப் பய நான்தான். மாற்றித்தான் போட்டிருப்பேன். அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது. அவரை மறுபடி தன் பேரைச் சொல்ல வைக்க வேண்டும் என்பதற்காகவே, காதில் விழாத மாதிரி இருந்துகொள்வார்.

ஆவணியில் இன்ஜின் உயிர் பிடித்து ஓடியது. அண்ணன் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். "எழுப்பட்டுமாக்கா?" என்றேன். வேண்டாம் என்றார். ஆயுத பூசை அன்றைக்கு, வண்டியை ஒழுங்காகச் செய்து காட்டலாம் என்றார். மில்லில் அப்படித்தானாம். ஆயுத பூசைக்கு மெஷினைக் கழுவி, பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்துத்தான் மறுபடி ஓட்டுவார்கள். எனக்கும் அது சரி என்றே பட்டது. பழைய இரும்பை எழுப்பியவன் நான், நாலு பேர் பார்த்து மெச்ச வேண்டும் என்கிற ஆசையும் இருந்தது. பானெட்டின் அடியில் துரு தின்னாமல் மிச்சமிருந்த நீலத்தைச் சுரண்டிக் கொண்டுபோய், கடை கடையாக ஏறி, அச்சு அசலாக அதே நீலத்தைக் கலக்கி வாங்கினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெயிண்ட் வேலைக்காக சீட்டைக் கழற்றிய இரண்டு வாரமும் அண்ணன் வீட்டுக்குள்ளேயே கிடந்தார். அக்காவின் பேர் ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை. "இன்னும் ஒன்பது நாளுதான் தம்பி," என்று அக்கா போனில் சொன்னார்.

ஆயுத பூசை அன்று காலையில் வண்டிக்குச் சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் போட்டாயிற்று. நான் ஸ்டார்ட் செய்தேன். குளிப்பாட்டி, சட்டை போட்டு, அக்கா அவரைக் கைபிடித்து வாசலுக்குக் கூட்டி வந்தார்.

வண்டியைப் பார்த்ததும் நின்றார். செருப்பைக் கழற்றினார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேலியோரமாக ஒதுங்கி நின்றார்.

"ஏறுங்க. ஓட்டிப் பாருங்க," என்றார் அக்கா.

"மொதலாளி வரட்டும்மா."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பெரிய வீட்டில் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மாலை போட்ட இந்த நீல வண்டிக்குப் பக்கத்தில் இப்படித்தான் நின்றிருப்பார். முதலாளியம்மா பொரிகடலையும் புது வேட்டியும் கொடுக்கும்வரை நிற்க வேண்டும். துருப்பிடித்துக் கிடந்த வண்டிதான் அவருடையது. நாங்கள் அதைப் பளபளவென்று ஆக்கி, திரும்பவும் முதலாளிக்கே கொடுத்துவிட்டோம்.

நான் இன்ஜினை அணைத்தேன். அக்கா அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "இது நம்ம வண்டிங்க. என்னயப் பாருங்க, நான் வெள்ளை," என்றார். திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பயந்து இரண்டடி பின்னால் போனார்.

"அப்பிடியெல்லாம் சொல்லாதீகம்மா. மொதலாளி காதுல விழுந்தா எம் பொழப்பு போயிரும்."

உட்காரச் சொன்னால் உட்காரவில்லை, சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. உச்சி வெயில் ஏறிவிட்டது. அவர் முழங்கால் வெடவெடவென்று ஆடியது. அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு உள்ளே போனார். அவருக்கென்று எடுத்து வைத்திருந்த புது வேட்டியையும், ஒரு தட்டில் பொரிகடலையையும் கொண்டு வந்தார். முதுகை நிமிர்த்தி நின்றார்.

"ஏ சீனி. இந்தா, பிடி," என்றார்.

நாற்பது வருஷத்தில் புருஷன் பேரை அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. ரேஷன் கடையில்கூடச் சொன்னது கிடையாது, அட்டையைத்தான் நீட்டுவாராம்.

அண்ணன் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்லதும்மா. வீட்டுல வெள்ளை பாத்துக்கிட்டு இருப்பா. நான் போயிட்டு வாரேன்."

வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, தன் வீட்டு வேலிப்படலைத் தானே திறந்து தெருவில் இறங்கினார். அவரைத் திருப்பிக் கூட்டிவரக் கிளம்பினேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"இருங்க தம்பி. அவுக என்னையத்தான தேடிப் போறாக," என்றார்.

பிறகு பத்தடி இடைவெளி விட்டு, அவர் பின்னாலேயே நடந்தார்.