நாத்தனாரிடம் போய்விட்ட நாய்

எங்கள் நாய்க்குச் சோறு வைப்பது நான். உண்ணி எடுப்பது நான். கிளினிக்கில் ஊசி போடும்போது இறுக்கிப் பிடித்துக்கொள்வதும் நான்தான். என் நாத்தனார் செலாயாங்கிலிருந்து கிள்ளானில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எப்போதாவதுதான் வருவாள். வந்தாலும் அவனைக் கொஞ்ச மாட்டாள். ஆனாலும் தீபாவளிக்கு முதல் நாள் அவன் யாரிடம் போனான் என்று நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது.

அதற்கு முந்தைய தீபாவளியில் வெடிச் சத்தத்துக்கு மிரண்டு கேட்டைத் தாண்டி ஓடிவிட்டான். மறுநாள் பெரிய சாலையோரம் நின்ற லோரிக்கு அடியில் கண்டுபிடித்தோம். இன்னொரு முறை ஓடினால் அடிபட்டுச் சாவான் என்று வருடம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். அதனால் இந்த முறை டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் செய்தேன். வெயில் தாழ்ந்ததும் நடக்கக் கூட்டிப்போனேன். கழுத்துப் பட்டையில் எங்கள் போன் நம்பரை மாட்டினேன். பின்னறை ஜன்னலை மூடித் திரையை இழுத்துவிட்டு, காற்றாடியையும் ரேடியோவையும் போட்டேன். புது மெத்தை ஒன்றும் விரித்தேன். அவன் படுத்துவந்த பழைய துணியைக் குப்பையோடு கறுப்புப் பையில் கட்டி வாசல் குப்பைத் தொட்டியருகே வைத்தேன். பண்டிகை நேரத்தில் வீட்டில் கந்தல் கிடக்கலாமா?

பொழுது சாயும்போது முதல் வெடி வெடித்தது. பின்னறைக்கு ஓடினான், மெத்தையை முகர்ந்தான், அப்படியே வெளியே ஓடிவந்து முன்கதவைப் பிறாண்டினான். கட்டிப்பிடித்து, "ஒண்ணுமில்லடா, அம்மா இருக்கேன்ல" என்றேன். திமிறிக்கொண்டு மேசைக்கு அடியில் போய் நடுங்கினான். பலகாரம் செய்ய அன்று வந்து, அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்த நாத்தனார் எட்டிப் பார்த்தாள்.

"இவன் பழைய துணி எங்க அண்ணி?"

"தூக்கிப் போட்டாச்சு. ஒரே நாத்தம்."

"ஐயோ, அந்த வாடை இல்லாம அவன் எப்படி லா படுப்பான்?"

வெளியே போய்ப் பையைப் பிரித்து, தேங்காய் நாருக்கு அடியிலிருந்து அந்தக் கந்தலை எடுத்தாள். நான் துடைத்து வைத்திருந்த தரையில் செருப்போடு நடந்துபோய்ப் பின்னறை மூலையில் போட்டாள். பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அவன் பக்கம் திரும்பாமல் போனைப் பார்த்தபடி முறுக்கைக் கடித்தாள். அவன் மெல்ல வந்தான். கந்தலுக்குள் மூக்கை நுழைத்துப் படுத்தான். பிறகு அவள் கணுக்காலில் தாடையை வைத்துக்கொண்டான்.

நானும் போய் உட்கார்ந்தேன். அடுத்த வெடிக்கு நான் துள்ளிவிட்டேன். அவனும் எழுந்துவிட்டான்.

"நீங்க பதறினா அவனும் பதறுறான் அண்ணி. கொஞ்சம் வெளிய இருங்களேன்."

என் வீட்டில், என் நாயிடமிருந்து, என்னையே வெளியே அனுப்புகிறாள்! அடுப்படிக்குப் போய் மீதி மாவைப் பிழிந்தேன். அவள் சுட்ட முறுக்கு என்னுடையதைவிட நன்றாக வந்திருந்தது. அது வேறு எரிச்சல்.

சாப்பிட்டதும் கார் சாவியை எடுத்தாள். எப்போதும் அவள் கிளம்புவதற்கு முன்பே பலகாரத்தைக் கட்டி வைத்துவிடுவேன், சீக்கிரம் போகட்டும் என்றுதான். அவனும் எழுந்து அவள் பின்னாலேயே முன்கதவுக்கு வந்தான். எதிர்வீட்டுப் பையன்கள் வாணப் பெட்டிகளை ரோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தால் ஓடிவிடுவான். அவள் போய்விட்டால் என்னிடம் நிற்கவும் மாட்டான்.

"இன்னிக்குத் தங்கிட்டுப் போயேன்" என்றேன்.

என் கணவர் டிவியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளிடம் சொல்லாத வார்த்தை அது.

"மாத்துத் துணி கொண்டு வரலயே அண்ணி."

துவைத்து மடித்த நைட்டிகள் அலமாரி நிறைய இருந்தன. நான் காலையிலிருந்து போட்டிருந்து, குளிக்கும்போது அவிழ்த்துப் போட்டதை எடுத்துக் கொடுத்தேன். வேண்டுமென்றேதான். அவள் ஒன்றும் கேட்காமல் மாட்டிக்கொண்டாள்.

வாணங்கள் தொடங்கியபோது அறைக்குள் எட்டிப் பார்த்தேன். அவள் மடியில்தான் படுத்திருந்தான். ஆனால் மூக்கை என் நைட்டியின் மடிப்புக்குள் புதைத்துக்கொண்டு தூங்கினான்.