கொத்தனாரும் வாலில் கண் வைத்த மீனும்

மீன் காட்சியகத்தில் ஒழுகிக் கிடந்த தொட்டியை அடைத்தது கொத்தனார்தான். முப்பது வருஷமாகச் சுவரோடு மல்லுக்கட்டும் ஆள். அவர் பூசிய இடத்தில் ஒரு சொட்டு கசிந்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் பெயருக்கு உள்ளங்கையளவு மீன் ஒன்று வேட்டு வைத்தது.

அந்தத் தொட்டியில் புதிதாக விட்ட பட்டாம்பூச்சி மீன் ஐந்து நாளாகத் தீனி தொடவில்லை.

"உன் சிமெண்ட்டுதான்யா விஷம். இது செத்துச்சுன்னா தொட்டியை இடிச்சுட்டு வேற ஆளை வச்சுக் கட்டுவேன்" என்றார் மேலாளர். தண்ணீர் சுத்தம் என்று மீன் டாக்டரம்மா சோதித்துச் சொன்னது அவர் காதில் ஏறவில்லை.

கொத்தனார் இரண்டு நாள் கண்ணாடி முன்னால் குந்தி, "தின்னுடா ராசா" என்று கெஞ்சினார். "சுவரை விட்டுட்டு மீன் மேய்க்கப் போயிட்டீங்களா?" என்று வீட்டுக்காரி வேறு குத்திக்காட்டினாள்.

"ஏம்மா, இது பின்பக்கமாவே நீந்துதே?" என்று தொட்டிப் பக்கம் வந்த டாக்டரம்மாவிடம் கேட்டார்.

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். "அண்ணே, வால்கிட்ட இருக்கிறது பொய்க்கண்ணு. நிஜக் கண்ணு அந்தக் கறுப்புப் பட்டைக்குள்ள ஒளிஞ்சிருக்கு. கடிக்க வர்ற மீனு வாலைத் தலைன்னு நினைச்சுப் பாயும். இது எதிர்ப்பக்கம் நழுவிடும்."

"அட, அப்ப வாலுகிட்டயா கெஞ்சிட்டிருந்தேன்!"

தலை எதுவென்று தெரிந்த பிறகுதான் வாய் கண்ணில் பட்டது. இடுக்கி மாதிரிக் கூர் வாய். மிதக்கிற தீனியை அது ஏறெடுத்தும் பார்க்காமல் பாறைப் பொந்துகளை நோண்டிவிட்டு வெறும் வாயோடு திரும்பியது.

"கடல்ல என்னம்மா தின்னும்?"

"பவளத்துல பொந்துக்குப் பொந்து குட்டி உயிருங்க இருக்கும். அதைக் கொத்தித் தின்னும். இங்க அதுக்கு எங்க போறது? சிப்பிக் கறியும் தூவிப் பார்த்துட்டேன்."

"தூவினா எப்படி? அரைச்சுக் குடுங்க, பூசித் தர்றேன்."

கரணையை எடுத்தவரை, "சிமெண்ட் பட்டது, கீழ வைங்க!" என்று டாக்டரம்மா அதட்டினாள். கையை மூன்று தடவை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். செங்கல் இடுக்கு அடைக்கிற அதே நிதானத்தில், செத்த பவளக்கல்லின் ஒவ்வொரு பொந்திலும் சிப்பி விழுதைக் கட்டைவிரலால் அழுத்தினார்.

கல்லை இறக்கினார்கள். மீன் சுற்றி வந்தது. விலகிப் போனது. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திடீரென்று ஒரு கொத்து. இன்னொன்று. பிறகு பொந்து பொந்தாக வெளுத்து வாங்கியது.

"பார்த்துக்குங்க சார்! என் சிமெண்ட்டுல விஷமாம் விஷம்!" அவர் போட்ட சத்தத்தில், வேடிக்கை பார்க்க வந்த குழந்தைகள் எதற்கென்று தெரியாமலே கைதட்டின.

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். "சரிங்க... ஆமைத் தொட்டியும் லேசா கசியுது. எப்ப பார்க்கலாம்?"

"இருங்க சார்" என்றார் கொத்தனார், திரும்பாமலே. "இது சாப்பிட்டு முடிக்கட்டும். இன்னொரு கல்லு பூசணும். அப்புறம் உங்க ஆமை."