கவிழ்த்த தட்டு

பாறசாலைப் பக்கம் பெயின்டர் சத்தியதாஸைத் தெரியாதவர்கள் குறைவு. வீட்டுக்காரர் என்ன குறை சொன்னாலும் முகம் சுளிக்க மாட்டார். தங்கமான மனுஷன் என்பார்கள். அந்தத் தங்கத்தை எந்த உலையில் போட்டு உருக்கினார்கள் என்று யாரும் கேட்டதில்லை.

சிறுவயதில் அவரைச் சேர்த்தது வழிதவறிய பையன்களைத் திருத்தும் ஒரு போர்டிங்கில். தப்பு செய்தவன்தான் அங்கே சாப்பாட்டு ஜெபம் சொல்ல வேண்டும். அறுபது பேருக்கும் கேட்கும்படி ஆண்டவருக்கு நன்றி சொல்லி, ஆமென் என்றதும் தன் தட்டைக் கவிழ்த்துவிட்டுச் சுவரைப் பார்த்து நிற்க வேண்டும். வார்டன் "போதும்" என்கிறவரை திரும்பினால் பிரம்பு. சத்தியதாஸ் ஒருமுறை தொடர்ந்து பதினோரு வேளை நின்றார். அப்போது வயது பதினான்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வீட்டில் ஜெபம் சொன்னதே இல்லை. விசுவாசம் போதாது என்று மனைவி ஜெபகுமாரி எண்ணிக்கொண்டாள்.

இப்போது மகன் அனூப்புக்கும் பதினான்கு. பள்ளிக்கூடத்தில் கஞ்சாப் பொட்டலத்தோடு பிடிபட்டான். "நீங்க படிச்ச இடந்தானே, நல்ல ஒழுக்கமாக்கும்" என்று ஜெபகுமாரி அதே போர்டிங்கில் பேசி முடித்துவிட்டாள். வேண்டாம் என்று சொல்ல அவர் ஒரு வாரமாக வாயெடுத்தார். ஒவ்வொரு முறையும் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பையனைக் கூட்டிப்போக இன்னும் போர்டிங்கை விடாத பழைய வார்டன் தங்கையன் சாரே காரில் வந்துவிட்டார். எழுபது வயதிலும் அதே குரல். அனூப்பின் பை காரில் ஏறியாயிற்று. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"இன்னைக்காவது நீங்க ஜெபம் பண்ணுங்க" என்றாள் ஜெபகுமாரி.

சத்தியதாஸ் எழுந்தார். கைகள் தாமாகப் பின்னால் கட்டிக்கொண்டன. அடுத்த வீட்டுக்குக் கேட்கும் குரலில் நன்றி சொல்லி ஆமென் என்றார். காலித் தட்டைக் கவிழ்த்தார். போய்ச் சுவரைப் பார்த்து நின்றார்.

"என்னாச்சு உங்களுக்கு? வாங்க, சோறு ஆறுது." அவள் அவர் தோளைப் பிடித்து உலுக்கியும் அசையவில்லை. "அப்பா" என்று அனூப் அழுகிற குரலில் கூப்பிட்டான். அதற்கும் திரும்ப முடியவில்லை.

தங்கையன் சார் சிரித்தார். "பாத்தியா மோளே, படிச்சது மறக்கல்ல. எலே சத்தியதாஸே, போதும்."

சத்தியதாஸ் திரும்பினார். பெற்ற பிள்ளை கூப்பிட்டும் திரும்பாத உடம்பு அந்த ஒரு சொல்லுக்குத் திரும்பியதில் அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

"இப்பிடியா நிக்க வச்சாங்க? பட்டினியா?" என்று கேட்டாள் ஜெபகுமாரி. சத்தியதாஸ் ஆமாம் என்று தலையாட்டினார்.

அவள் வெளியே போய் காரிலிருந்த பையை எடுத்துவந்து அனூப்பின் மடியில் வைத்தாள். சார் தட்டில் சோறு விளம்பினாள்.

"சாப்பிட்டுட்டுப் போங்க சார். எனக்க பிள்ள வரமாட்டான்."